கிளவுஸ் போட்ட கையும் பேனா பிடித்த கையும்

அவள் பிறந்த நேரம் யாருக்கும் சரியாகத் தெரியாது. அம்மாவைக் கேட்டால், "பால்காரன் வந்துட்டுப் போனதுக்கு அப்புறம்" என்பாள். அப்பாவைக் கேட்டால், "இல்லையில்ல, அந்தப் பாலைக் காய்ச்சி நான் குடிச்சே முடிச்சிட்டேன், அதுக்கும் அப்புறம்" என்பார். "பொண்டாட்டி வலியில துடிச்சிட்டிருக்கா, உங்களுக்குப் பால் கேட்டுச்சாக்கும்" என்று அம்மா பிடித்துக்கொள்வாள். இருபது வருஷமாக நடந்த அந்த வழக்கில் தீர்ப்பே வரவில்லை.

அதனாலோ என்னவோ, நர்ஸிங் படிப்பின் கடைசி வருஷத்தில் பிரசவ வார்டுக்குள் காலெடுத்து வைத்த நாளிலிருந்து அவளுக்கு நேரம்தான் பைத்தியம். மற்ற மாணவிகள் "பதினொண்ணே முக்கால்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். இவள் குழந்தை வெளியே வழுக்கி வந்த கணத்தில் நெஞ்சில் தலைகீழாகத் தொங்கும் கடிகாரத்தைப் பார்த்து, "பதினொண்ணு நாற்பத்து மூணு!" என்று வார்டே கேட்கக் கத்துவாள்.

"ரெண்டு நிமிஷத்துல என்னடி குடி முழுகிப் போகுது?" என்று வார்டு பொறுப்பு சிஸ்டர் கேட்டார்.

"அந்தக் குழந்தை பெரிசாகி வந்து என்னைக் கேட்டா, சிஸ்டர்?"

அன்றிலிருந்து அவள் பெயர் கடிகாரம். ஹாஸ்டல் காவலாளி முதல் கல்லூரி முதல்வர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கடிகாரம் மாட்டிக்கொள்ள யூனிஃபார்மின் இடது பக்கத்தில் ஒரு சின்னத் துணிக் காது இருக்கும். அதைத் தைத்துக் கொடுத்தவர் அப்பா. அப்பா தையல்காரர். பெண் நர்ஸிங் சேர்ந்ததும் கடையில் வாங்கிய யூனிஃபார்மைப் பிரித்துப் போட்டுப் புதிதாகத் தைத்தவர். "கையில கடிகாரம் கட்டக் கூடாதுன்னா நெஞ்சுல கட்டிக்க. நெஞ்சுல ஊசி குத்தினா துணி கிழியும். அதுக்குத்தான் இந்தக் காது" என்று அவர் விளக்கியபோது, "பொண்ணுக்கு ரெண்டு காது பத்தலையாம், மூணாவது வைக்கிறார்" என்றாள் அம்மா.

ஹாஸ்டலில் அவளுடைய அறைத் தோழிக்குப் பஞ்சு என்று பெயர். பஞ்சு உருண்டைகள் உருட்டி டப்பாவில் அடுக்குவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எல்லாம் ஒரே அளவில், கோலிக்குண்டு மாதிரி இருக்கும். பேச்சும் அப்படித்தான், மெத்தென்று. முதல் பிரசவத்தை நின்று பார்த்த அன்று பஞ்சு கொடியறுந்த துணி மாதிரிச் சரிந்து விழுந்தாள். கடிகாரம் அவளை இழுத்துச் சுவரோடு உட்காரவைத்துத் தண்ணீர் தெளித்துவிட்டு, ஓடி வந்த ஆசிரியையிடம், "காலையில சாப்பிடல மேடம், அதான்" என்று சொல்லிவிட்டாள். இரண்டு இட்லிக்கும் அதிகமாகவே பஞ்சு அன்று சாப்பிட்டிருந்தாள். அது இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

பட்டம் வாங்கினால் மட்டும் போதாது. நர்ஸிங் கவுன்சிலில் பெயர் பதிவானால்தான் நர்ஸ். அதற்கு இறுதித் தேர்வு எழுத வேண்டும். தேர்வு எழுத, தன் கையால் இருபது பிரசவம் பார்த்ததாகக் கேஸ் புத்தகத்தில் இருக்க வேண்டும். தாயின் எண், குழந்தை பிறந்த நேரம், எடை, நஞ்சுக்கொடி முழுசாக வந்ததா, கிழிசல் உண்டா, எல்லாவற்றையும் எழுதி, அடியில் பொறுப்பு சிஸ்டரின் கையெழுத்து. ஒரு குழந்தைக்கு ஒரு மாணவி. முறை போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். சினிமா டிக்கெட்டுக்குக்கூட அப்படிச் சண்டை வராது. "என் முறைடி, நேத்தே அந்த அக்காகிட்ட சொல்லிவச்சிட்டேன்" என்று ஒருத்தி சொன்னால், "குழந்தை உன்கிட்ட சொல்லிட்டு வருதா?" என்பாள் இன்னொருத்தி.

இரண்டிரண்டு பேராகத்தான் வேலை. கிளவுஸ் போட்டவள் பிரசவம் பார்ப்பாள். கிளவுஸ் போட்ட கையால் பேனாவைத் தொட முடியாது. அதனால் கிளவுஸ் போடாதவள் வார்டின் பெரிய பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, முன்னவள் சொல்லச் சொல்ல எழுதுவாள். ஆண், பெண், நேரம், எடை. கடைசிக் கட்டத்தில் 'பிரசவம் பார்த்தவர்' என்று இருக்கும். அதையும் அவளே நிரப்புவாள்.

கடிகாரத்துக்கு ஜோடி பஞ்சுதான். வேறு யாரோடு சேருவாள்?

பஞ்சுவுக்கு ரத்தத்தைப் பார்த்துத் தலைசுற்றுவது நின்றது. ஆனால் கை வரவில்லை. தலை தெரியும் கட்டம் வரை நிற்பாள். அப்புறம் "நீ வாடி, நீ வாடி" என்று பின்னால் போய்விடுவாள். ஆசிரியை கையைப் பிடித்துக்கொண்டு பார்க்கவைத்த சிலது, தானே எப்படியோ முடித்த சிலது என்று அவள் கணக்கு மெதுவாக ஏறியது. "உனக்குக் குறைஞ்சா சொல்லு. என் முறையை உனக்கு விட்டுத்தரேன், நான் பக்கத்துல நிக்கிறேன்" என்று கடிகாரம் எத்தனையோ தடவை சொன்னாள். "ஐயோ, போதும்டி. வந்துடும்" என்பாள் பஞ்சு.

கடிகாரம் கிளவுஸைக் கழற்றி, தாயைத் துடைத்து, துணி மாற்றி, கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவதற்குள் பஞ்சு பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்திருப்பாள். ஒரு துண்டுத்தாளில் எல்லா விவரத்தையும் அழகாக எழுதி வைத்திருப்பாள். "இந்தா, உன்னோட கேஸ்" என்று நீட்டுவாள். அதைப் பார்த்துத்தான் கடிகாரம் ஹாஸ்டலில் தன் புத்தகத்தை நிரப்பினாள். பதிவேட்டை ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்?

விடுமுறையில் பஞ்சு அவள் வீட்டுக்கு வந்து பத்து நாள் இருந்தாள். அம்மா கையால் சாப்பிட்டாள். அப்பாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்தாள். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதியால் கண் மங்கிக்கொண்டிருந்த காலம் அது. "ஊசிக் காது கண்ணுக்குத் தெரியல, ஆனா அளவு விரலுக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே, இரண்டு பேருக்கும் அளவெடுத்தார். மாணவிகளுக்கு நீலக் கோடு போட்ட உடை. பதிவு பெற்ற நர்ஸுக்கு முழு வெள்ளை. அந்த வெள்ளையை அவர் முன்கூட்டியே தைத்துவிட முடிவு செய்திருந்தார்.

"பரீட்சையே எழுதலப்பா, அதுக்குள்ள எதுக்கு?"

"நீ பரீட்சை எழுது. நான் கண்ணு இருக்கிறப்பவே தைச்சிடறேன். அதைப் போட்டுக்கிட்டு நீ என் முன்னாடி வந்து நின்னாப் போதும். வெள்ளை பளிச்சுன்னு இருக்கும், அது இந்தக் கண்ணுக்கும் தெரியும்."

இரண்டு வெள்ளை யூனிஃபார்ம். இரண்டிலும் இடது நெஞ்சில் துணிக் காது. "எனக்குக் கடிகாரம் கிடையாதேப்பா" என்றாள் பஞ்சு. அவளும் அப்பா என்றுதான் கூப்பிட்டாள். "வரும்மா. காது இருந்தா கடிகாரம் தானா வரும்" என்றார் அவர்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது கவுன்சிலிலிருந்து ஒரு அம்மாள் வந்து கேஸ் புத்தகங்களைப் பதிவேட்டோடு வைத்துச் சரிபார்த்தார். மறுநாள் முதல்வர் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். பொறுப்பு சிஸ்டரும் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"எட்டுக் கேஸ் உங்க ரெண்டு பேர் புத்தகத்துலயும் இருக்கு. அதே தாய், அதே நேரம். ஒரு குழந்தைக்கு ரெண்டு பேர் பிரசவம் பார்த்திருக்க முடியாது. யார் பார்த்தது?"

கடிகாரம் சிரித்தேவிட்டாள். என்னவோ எழுத்துப் பிழை, பஞ்சு சொன்னால் தீர்ந்துவிடும் என்று நினைத்தாள். "நான்தான் மேடம். இவ எழுதினா."

முதல்வர் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். கடைசிக் கட்டத்தில் பஞ்சுவின் பெயர். பக்கத்தைப் புரட்டினார். பஞ்சுவின் பெயர். எட்டு இடத்திலும், அந்த உருண்டையான, ஒரே அளவான எழுத்தில். நேரம் மட்டும் அவளுடையது. ஒன்பது பதினாறு. இரண்டு ஐம்பத்தொன்று. பதினொன்று நாற்பத்து மூன்று.

அவள் பஞ்சுவைப் பார்த்தாள். பஞ்சு மேஜைமேல் இருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் மேடம் பார்த்தேன்," என்றாள் பஞ்சு, மெத்தென்று. "இவ பக்கத்துல இருந்து உதவி பண்ணா."

"ஏய்," என்றாள் கடிகாரம். பிறகு பொறுப்பு சிஸ்டரிடம் திரும்பினாள். "சிஸ்டர், நீங்க பார்த்திருக்கீங்களே. தினம் என் சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்குமே."

இரண்டு புத்தகத்திலும், எட்டுக் கேஸின் அடியிலும், பொறுப்பு சிஸ்டரின் கையெழுத்து இருந்தது. வாரக் கடைசியில் கட்டாக வாங்கி வைத்துக்கொண்டு, பக்கத்தைக்கூடப் பார்க்காமல் போட்ட கையெழுத்து. அதைச் சொன்னால் அவர் வேலைக்கே ஆபத்து. யாராவது ஒருத்தியைத் திருடி ஆக்கியாக வேண்டும். அவர் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பதிவேட்டுல என்ன இருக்கோ, அதுதான் மேடம் எனக்குத் தெரியும்."

முதல் வருஷம் முதல் வகுப்பிலேயே சொல்லித்தந்த பாடம்: எழுதாத வேலை செய்யாத வேலை. மருந்து கொடுத்தாயா, எழுது. புண் கட்டினாயா, எழுது. எழுதவில்லை என்றால் நீ செய்யவில்லை. அதை அவள் மனப்பாடமாகச் சொல்வாள்.

அவள் சும்மா இருந்துவிடவில்லை. அந்த எட்டுத் தாய்மார்களில் ஒருத்தி பேக்கரியில் வேலை பார்ப்பவள். விலாசம் நினைவிருந்தது. போய்க் கதவைத் தட்டினாள். இடுப்பில் குழந்தையோடு அவள் திறந்தாள்.

"அக்கா, இவனுக்கு யார் பிரசவம் பார்த்தாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"எல்லாரும் மூஞ்சியை மூடிக்கிட்டிருந்தீங்க, எனக்கு எப்படித் தெரியும்? ஒருத்தி ஓரமா நின்னு எழுதிக்கிட்டே இருந்தா. ஒருத்தி என்னைத் திட்டிக்கிட்டே இருந்தா. 'கத்தாதீங்க, மூச்சை வீணாக்காதீங்க, முக்குங்க'ன்னு. அப்புறம் மணி என்னன்னு கூவினா பாரு, எனக்கு அந்த வலியிலயும் சிரிப்பு வந்துடுச்சு. ரயில் வந்துடுச்சோன்னு நினைச்சேன்."

"திட்டினது நான்தான் அக்கா."

"சாமி! நீதானா? உன் குரல்தான். இப்பவே வரேன், எங்கே சொல்லணும்?"

குழந்தையோடு ஆட்டோவில் வந்தாள் அந்தப் பெண். முதல்வர் அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, கடிகாரத்தை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "நோயாளி வீட்டு வாசல் வரைக்கும் போயிருக்க. கல்லூரி விவகாரத்துல அவங்களை இழுத்திருக்க. இதுக்கே உன்னை நீக்கலாம், தெரியுமா?" பேக்கரிப் பெண்ணை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, குழந்தை அழுததால் எழுந்து போனாள்.

எட்டுக் கேஸும் அடிக்கப்பட்டன. அவளிடம் மீதி பன்னிரண்டு. தேர்வு எழுத முடியாது. ஆறு மாதம் கழித்து, தோற்றவர்களோடு சேர்ந்து எழுதலாம். அதற்குள் வார்டில் நின்று எட்டு பிரசவத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஹாஸ்டல் அறையில் பஞ்சுவின் கட்டில் காலியாக இருந்தது. வேறு அறைக்கு மாறிப் போயிருந்தாள். பஞ்சு உருண்டை டப்பாவை மட்டும் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னாள். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "நம்ம வீட்டு உப்பைத் தின்னுட்டுப் போனவ. அவ மூஞ்சியைப் பார்த்து ரெண்டு வார்த்தை கேட்காம எனக்குத் தூக்கம் வராது." அவளைப் பிடித்து நிறுத்துவதே பெரும்பாடாகிவிட்டது. அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று கையில் அடித்து வாக்கு வாங்கிக்கொண்டாள். அவருக்குத் தெரிந்தால் அந்த வெள்ளை உடையை நினைத்து நினைத்தே போய்விடுவார் என்று பயந்தாள்.

"பரீட்சை தள்ளிப்போயிடுச்சுப்பா," என்றாள்.

"எவ்வளவு நாள்?"

"ஆறு மாசம்."

அப்பா விரலை மடக்கிப் பார்த்தார். "சரி, இருக்கேன்" என்றார், யாரோ வெளியூர் போய்வருகிறேன் என்று சொன்ன மாதிரி.

பஞ்சு தேர்வில் தேறினாள். பதிவும் ஆனது. அதே ஆஸ்பத்திரியில் வேலை. ஒருநாள் காலை மருந்தகத்துக்குப் போகும் வராந்தாவில் கடிகாரம் அவளை எதிரே பார்த்தாள். அப்பா தைத்த வெள்ளை. தோள்பட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. இடது நெஞ்சில் துணிக் காது, அதில் ஒன்றும் மாட்டாமல். பஞ்சு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கடிகாரம் நீலக் கோடு உடையோடு சுவர் ஓரமாக ஒதுங்கினாள். வெள்ளை உடைக்கு மாணவி வழி விட வேண்டும், அது அங்கே வழக்கம்.

அந்த வாரம் அப்பா கேட்டார்: "அந்தப் பொண்ணு பதிவாயிட்டாளாமே, உங்க அம்மா வாய்தவறிச் சொல்லிட்டா. அவளுக்கு மட்டும் எப்படிப் பரீட்சை வச்சாங்க?"

"அவ வேற பிரிவுப்பா."

"வெள்ளையைப் போட்டுக்கிட்டாளா? பொருத்தமா இருந்துச்சா?"

"ரொம்பப் பொருத்தம்பா."

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை அவள் பார்த்தாள். "இடது தோள் கொஞ்சம் இறக்கம் அவளுக்கு. அதுக்குத் தகுந்த மாதிரி வெட்டினேன். யாருக்கும் தெரியாது" என்றார். "ஏன் நம்ம வீட்டுக்கு வரவே மாட்டேங்கிறா?"

"வேலைப்பா."

நாலாவது மாதம் அப்பா இறந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில், சாயங்காலம், நாலு பன்னிரண்டுக்கு. அவர் கையைப் பிடித்தபடியே அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டோமே என்று பிறகு வெகுநாள் தன்னையே திட்டிக்கொண்டாள். துக்கத்துக்குப் பஞ்சுவும் வந்தாள். கலர்ப் புடவையில், எல்லாரையும்விடச் சத்தமாக அழுதாள். அம்மா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐந்தாவது மாதம். பத்தொன்பது கேஸ் முடிந்திருந்தது. ஒன்று பாக்கி. அன்று காலை பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸ் பஞ்சு. கேஸ் புத்தகம் அவ்வளவு சுத்தமாக இருந்ததால் அந்த வாரம் அவளை அங்கே போட்டிருந்தார்கள். ரத்தப்போக்கோடு ஒரு தாயைத் தள்ளிக்கொண்டு பொறுப்பு சிஸ்டரும் டாக்டரும் ஆபரேஷன் அறைக்கு ஓடிய பத்தாவது நிமிஷம், இரண்டாவது கட்டிலில் இருந்தவளுக்குத் தலை வந்துவிட்டது. கழுத்தைச் சுற்றித் தொப்புள்கொடி, இரண்டு சுற்று.

கிளவுஸ் போட்டிருந்த பஞ்சுவின் கை அப்படியே நின்றுவிட்டது. காற்றில், எதையோ ஏந்தப்போகிற மாதிரி. குழந்தையின் முகம் நீலமாகிக்கொண்டிருந்தது.

அடுத்த கட்டிலில் துணி மாற்றிக்கொண்டிருந்த கடிகாரம் பார்த்தாள். ஓடிப்போய்க் கிளவுஸை மாட்டினாள். "நகருடி" என்றாள். ஐந்து மாதத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

கொடியின் அடியில் இரண்டு விரலை விட்டாள். ஒரு சுற்றைத் தளர்த்தித் தலைக்கு மேலாக எடுத்தாள். இன்னொரு சுற்று. "அம்மா, இப்ப ஒரே ஒரு தடவை, என்னைத் திட்டிக்கிட்டே முக்குங்க!" அந்தப் பெண் உண்மையாகவே திட்டினாள். குழந்தை வழுக்கி வந்து விழுந்தது. சத்தமில்லை. முதுகைத் துணியால் அழுத்தித் தேய்த்தாள், தேய்த்தாள். பிறகு ஒரு கீச்சுக் குரல், அதன்பின் வார்டே நிறையும் அழுகை.

"பத்து இருபத்தேழு! பெண்!"

பஞ்சு கிளவுஸைக் கழற்றியிருந்தாள். பதிவேடு திறந்திருந்தது. பழக்கத்தில் கை தானாகப் பேனாவுக்குப் போயிருந்தது.

"பேனாவை வை," என்றாள் கடிகாரம்.

"உன் பேரைத்தான்டி எழுதப்போறேன்."

"தெரியும். வை."

"சத்தியமா உன் பேரைத்தான்..."

"நஞ்சு இன்னும் வரல. வந்ததும் கையைக் கழுவிட்டு நானே வந்து எழுதறேன். அதுவரைக்கும் அந்தக் கட்டம் காலியா இருக்கட்டும்."

பஞ்சு பேனாவை மூடி வைத்தாள். கட்டிலில் இருந்தவள் குழந்தையைக் கேட்டு அழுதுகொண்டிருந்தாள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் பஞ்சு மெதுவாகச் சொன்னாள்: "கேட்டிருந்தா நீ கொடுத்திருப்ப. எனக்குத் தெரியும். ஒரு தடவைன்னா கேட்டிருப்பேன். எட்டுத் தடவை எப்படிடி கேட்கிறது?"

நஞ்சு வந்தது. முழுசாக இருக்கிறதா என்று கடிகாரம் விரித்துப் பார்த்தாள். தாயைத் துடைத்தாள். குழந்தையை அவள் மார்பில் வைத்தாள். கிளவுஸைக் கழற்றி, முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பதிவேட்டின் முன் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டமாக எழுதினாள். கடைசிக் கட்டத்தில் தன் பெயரை எழுதும்போது பக்கத்தில் வெள்ளை உடையின் ஓரம் தெரிந்தது. மடிப்பில் அப்பாவின் தையல், நெருக்கமாக, ஒரு அங்குலத்துக்குப் பன்னிரண்டு. நிமிர்ந்து பார்க்காமல் எழுதி முடித்தாள்.

பஞ்சு அடுத்த வாரமே மாற்றல் கேட்டுக் கண் பிரிவுக்குப் போனாள். பிறகு அந்த ஆஸ்பத்திரியிலிருந்தே போய்விட்டாள்.

கடிகாரம் தேர்வு எழுதினாள், தேறினாள், பதிவானாள். முதல் நாள் வெள்ளை உடையைப் போட்டபோது இடுப்பில் தொளதொளத்தது. அந்த ஆறு மாதத்தில் அவள் இளைத்திருந்தாள். "கொடு, பிடிச்சுத் தைச்சுத் தரேன்" என்றாள் அம்மா. வேண்டாம் என்றுவிட்டாள். துணிக் காதில் கடிகாரத்தை மாட்டிக்கொண்டு, அப்பாவின் மெஷின் இருந்த மூலையில் கொஞ்ச நேரம் நின்றாள். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

இப்போது அவள்தான் பிரசவ வார்டின் பொறுப்பு. பார்த்தவளே கை கழுவி வந்து எழுத வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். "அதுக்குள்ள அடுத்த குழந்தை வந்துடும் சிஸ்டர்" என்று மாணவிகள் முணுமுணுப்பார்கள். "வரட்டும். வந்து உன்னை எப்போ பொறந்தேன்னு கேட்கட்டும்" என்பாள். முதுகுக்குப் பின்னால் சந்தேக சிஸ்டர் என்கிறார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும்.

பஞ்சுவை மன்னித்துவிட்டாயா என்று பழைய தோழி ஒருத்தி கேட்டாள். எட்டுக் கேஸையும் திரும்பப் பார்த்துவிட்டேன், அது தீர்ந்தது என்றாள் கடிகாரம். ஆறு மாதத்தைக்கூட விட்டுவிடலாம் என்றாள். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அந்த வெள்ளை அவளுக்குப் பொருத்தமா இருந்துச்சான்னு எங்கப்பா கேட்டார். ரொம்பப் பொருத்தம்னு சொன்னேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்க அவர் இல்ல."